ஆக்ஸ்ஃபோர்டின் ஷெரார்டியன் பேராசிரியர் பதவி: பணமும் நிபந்தனையும்

பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் பதவியை நிறுவப் பணம் மட்டும் போதாது. அதோடு என்ன நிபந்தனை போடுகிறோம் என்பதில்தான் பதவியின் தலையெழுத்தே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் ஷெரார்டியன் தாவரவியல் பேராசிரியர் பதவி இதற்கு நல்ல உதாரணம்.

ஸ்மிர்னாவில் (இன்றைய துருக்கியின் இஸ்மிர்) பிரிட்டிஷ் கான்சலாக இருந்த வில்லியம் ஷெரார்ட் 1728இல் இறந்தார். 3,000 பவுண்டையும், தன் நூலகத்தையும், உலர்தாவரத் தொகுப்பையும் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். முதலைத் தொடாமல் வட்டியில் சம்பளம்; 3 சதவீதம் என்று கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 90 பவுண்டு. பதிலுக்கு ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் தோட்டத்தின் பராமரிப்புச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும், முதல் பேராசிரியராக ஜெர்மனியிலிருந்து வந்த தாவரவியலாளர் டில்லேனியஸையே நியமிக்க வேண்டும். பேரம் இழுத்துக்கொண்டே போய், 1734இல்தான் அவர் பதவியேற்றார்.

ஏன் டில்லேனியஸ்தான் வேண்டும்? 1623இல் ஸ்விஸ் தாவரவியலாளர் காஸ்பர் பௌஹின் 'பினாக்ஸ்' நூலில் சுமார் 6,000 தாவரங்களுக்கு, முன்னோர் இட்ட பெயர்களையெல்லாம் ஒன்றுசேர்த்திருந்தார். அதை விரிவாக்கி முடிப்பது ஷெரார்டின் கனவு; அந்த வேலையில் அவருக்குத் துணையாக இருந்தவர் டில்லேனியஸ். வேலை இதுதான்: ஒவ்வொரு நூலிலும் ஒரு செடிக்கு உள்ள பெயரைக் குறித்து, உலர்ந்த மாதிரியோடு ஒப்பிட்டு, அதே செடிதானா என்று முடிவுகட்ட வேண்டும். அந்தக் காலத்துப் பெயர் ஒவ்வொன்றும் ஒரு வரி நீளம். புதுச் செடிகளும் புது நூல்களும் வரவர, முடித்த பக்கமும் பழசாகிவிடும். வேலை முடியவேயில்லை. 1753இல் லின்னேயஸின் இரட்டைச் சொல் பெயர்கள் வந்ததும் அதற்கான தேவையும் போய்விட்டது. ஆனால் மாதிரிகள் வீண்போகவில்லை. டில்லேனியஸின் படங்களை லின்னேயஸ் மேற்கோள் காட்டியிருப்பதால், ஒரு பெயர் எந்தச் செடியைக் குறிக்கிறது என்ற சந்தேகம் வந்தால் இன்றும் இந்த உலர்தாவரத் தாள்களைத்தான் புரட்ட வேண்டும்.

வட்டி சம்பளத்துக்கு உத்தரவாதம் தரும், பாடம் நடத்துவதற்குத் தராது. அடுத்து வந்த ஹம்ப்ரி சிப்தார்ப் 1747 முதல் 1783 வரை பதவியில் இருந்து ஒரே ஒரு சொற்பொழிவு ஆற்றினார் என்பார்கள். பிறகு நாற்காலி மகனுக்குப் போனது! நல்லவேளை, மகன் ஜான் சிப்தார்ப் உழைப்பாளி. ஓவியர் ஃபெர்டினாண்ட் பாயரோடு கிரேக்கப் பகுதிக்குப் போய்ச் செடிகள் சேகரித்தார். பாயர் பென்சில் கோட்டோவியத்தில் நிறங்களுக்கு எண் மட்டும் குறித்துக்கொண்டு, ஆக்ஸ்ஃபோர்டு திரும்பிய பிறகு வண்ணம் தீட்டுவார். ஜான் 1796இல் இறந்ததும் சிக்கல் தொடங்கியது. பல மாதிரிகளை எங்கே பறித்தார் என்ற குறிப்பு சரியாக இல்லை, நினைவையே நம்பியிருந்தார். பதிப்பித்தவர்கள் திண்டாடினார்கள். இந்தக் கிரேக்கச் செடிகளைப் பற்றிய 'ஃப்ளோரா கிரேக்கா' நூல் 1806 முதல் 1840 வரை 10 தொகுதிகளாக, 966 வண்ணப் படங்களோடு வந்தது. அதற்கும் பணம் ஜானின் உயிலிலிருந்துதான்.

நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868இல் பதவிக்கு வந்த மார்மடூக் லாசன், 1883இல் அதை உதறிவிட்டு ஊட்டிக்கு வந்து, மதராஸ் அரசின் தாவரவியல் துறையையும் மலேரியா மருந்தான கொயினாவைத் தரும் நீலகிரிச் சிங்கோனா மரத் தோட்டங்களையும் பார்த்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு நாற்காலியைவிடக் கொயினா பட்டை பெரிதாகத் தெரிந்திருக்கிறது. என் கணக்கில் அது மோசமான முடிவில்லை.

1927 முதல் 1937 வரை பதவியில் இருந்த ஆர்தர் டான்ஸ்லிதான் 1935இல் 'எக்கோசிஸ்டம்' (சூழல் மண்டலம்) என்ற சொல்லைக் கட்டுரையில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். 2022இல் தாவர அறிவியல் துறை விலங்கியலோடு இணைந்து உயிரியல் துறையாகிவிட்டது.