ஆடாத பையன்களைப் பார்த்தால் போதும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டு மாணவர்களின் படிப்பைக் கவனித்துக்கொள்ளும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புள்ளியியல் மேற்படிப்புக்கு வந்த இடத்தில் கைச்செலவுக்காகத் தொடங்கிய வேலை, நாளடைவில் அதுவே பிழைப்பாகிவிட்டது. முதலில் இருந்தது தெற்கு மாநிலம் ஒன்றில், தோற்றுக்கொண்டே இருந்த ஓர் அணியின் பல்கலைக்கழகம். இப்போது இருப்பது ஆண்டுதோறும் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் இடம். மாணவர்களின் விவரங்களைக் காப்பது எங்கள் வேலையின் முதல் விதி என்பதால் இரண்டின் பெயரையும் சொல்லவில்லை.

நான் பேசுவது தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்தைப் பற்றி. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரிப் பையன்களின் ஆட்டத்துக்கு இத்தனை பேரா என்று வியக்காத உறவினர் எனக்கு இல்லை. உயர்மட்டப் பிரிவில் 2025 பருவத்தில் 136 அணிகள் இருந்தன. அவற்றில் பட்டத்தை உண்மையாகவே எதிர்பார்க்கக்கூடியவை மிகச் சில. மற்றவை ஏன் அங்கே போய்ச் சேர்வதில்லை என்ற கேள்விக்கு எல்லோரும் முதலில் சொல்லும் பதில் பணம்.

பணம் முக்கியம்தான். ஆனால் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தைவிடத் தாராளமாகச் செலவழிக்கும் இடங்கள் அதிகமில்லை. அங்கே 2023 நவம்பரில் தலைமைப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை வீட்டுக்கு அனுப்ப ஒப்புக்கொண்ட தொகை மட்டும் சுமார் 7.6 கோடி டாலர். இரண்டாவது பதில் திறமை. இதை மறுக்க முடியாது. உயர்நிலைப் பள்ளியிலேயே முதல் தரம் என்று மதிப்பிடப்பட்ட பையன்களைப் பாதிக்கு மேல் வைத்திருந்த அணிகளே பல ஆண்டுகளாகப் பட்டம் வென்றன. ஆனாலும் அதே அளவு திறமையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு நான்கைந்து ஆட்டங்களில் தோற்கும் அணிகளும் இருக்கின்றன. இரண்டு வகை இடங்களிலும் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நான் நம்புவது ஒன்றுதான்: ஒரு அணியின் தரத்தை அறிய அதன் நட்சத்திரங்களைப் பார்க்கத் தேவையில்லை. ஆட்ட நாளான சனிக்கிழமை களத்தில் இறங்கவே போகாத பையன்களைச் செவ்வாய்க்கிழமை பயிற்சியில் பார்த்தால் போதும். கல்யாண வீட்டின் தரம் கடைசிப் பந்தியில்தானே தெரியும்?

அந்தப் பையன்களை ஸ்கவுட் டீம் என்பார்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள், உதவித்தொகை இல்லாமல் தாமாக வந்து சேர்ந்த வாக்-ஆன் பையன்கள், மூன்றாம் நான்காம் வரிசை ஆட்டக்காரர்கள் ஆகியோர்தான் இதில் இருப்பார்கள். வரும் சனிக்கிழமை எதிர்கொள்ளப் போகும் அணியைப் போலவே ஆடிக்காட்டுவது இவர்கள் வேலை. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பெரிய அட்டையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து தூக்கிப் பிடிப்பார். பையன்கள் சுற்றி நின்று அதைப் பார்த்துவிட்டு, அதன்படி நின்று ஓடவேண்டும்.

முன்பு இருந்த இடத்தில் அந்த அட்டை ஒரு சடங்காகிப் போயிருந்தது. அட்டையைப் பிடித்திருப்பவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். பையன்கள் அரை வேகத்தில் ஓடுவார்கள். முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அவர்களைச் சுலபமாகத் தள்ளிவிடுவார்கள், பயிற்சியாளர்கள் கைதட்டுவார்கள். எல்லோருக்கும் அது நல்ல பயிற்சி நாளாகத் தோன்றும். சனிக்கிழமை உண்மையான எதிராளி வேறு கோணத்தில், முழு வேகத்தில் வருவான். மூன்றாவது கால்பகுதிக்குள் ஆட்டம் கைவிட்டுப் போய்விடும்.

இப்போது இருக்கும் இடத்தில், ஸ்கவுட் டீம் பையன் ஒரு காலடியைத் தவறாக வைத்தாலே பயிற்சியை நிறுத்துகிறார்கள். எதிரணியில் அந்த இடத்தில் ஆடுபவர் அப்படி நகரமாட்டார் என்று சொல்லி, அதே அசைவை மறுபடி செய்யச் சொல்கிறார்கள். அந்தப் பையனும் எதிரணிக்காரரின் வீடியோவை முந்தைய இரவே பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பான். ஒருமுறை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு நிபந்தனை நிகழ்தகவு பிடிபடவில்லை. பாடப்புத்தகத்தின் சிவப்புப் பந்து, நீலப் பந்து உதாரணங்கள் எதுவும் எடுபடவில்லை. அவனுடைய நோட்டின் ஓரத்தில் ஏதோ கைகளும் அம்புகளுமாக வரைந்திருந்தது. என்ன என்று கேட்டேன். அந்த வாரம் அவன் எதிரணியின் தடுப்பு வரிசைக்காரர் ஒருவராக நடிக்க வேண்டும். அவர் தரையில் வலது கையை ஊன்றி நின்றால் பெரும்பாலும் உள்பக்கம் பாய்கிறார், இடது கையை ஊன்றினால் வெளிப்பக்கம் சுற்றி வருகிறார் என்று எண்ணி எழுதிவைத்திருந்தான். பாடம் முழுவதும் அந்த ஓரத்திலேயே இருந்தது. வலது கை என்று தெரிந்தபின் உள்பக்கம் பாய்வதற்கு என்ன வாய்ப்பு என்று கேட்டதும் பளிச்சென்று பதில் சொன்னான். அந்தப் பருவம் முழுவதும் அவன் ஓர் ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவன் பெயரைச் சொல்லி, அவன் ஆடிக்காட்டியதைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். அன்று மாலை படிப்பறைக்குள் அவன் நுழைந்தபோதே நடை மாறியிருந்தது.

பொதுமக்கள் அறிந்த வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 2014இல் ஒஹாயோ ஸ்டேட் அணியின் முதல் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், பிராக்ஸ்டன் மில்லர் பருவம் தொடங்கும் முன்பே காயமடைந்தார். இரண்டாமவர் ஜே.டி. பேரட் மிச்சிகனுடனான ஆட்டத்தில் கணுக்காலை முறித்துக்கொண்டார். மூன்றாம் வரிசையிலிருந்து வந்தவர் கார்டேல் ஜோன்ஸ். தொடக்கம் முதல் ஆடிய முதல் ஆட்டத்திலேயே விஸ்கான்சினை 59-0 என்று வென்றார். அடுத்து அலபாமா, அதற்கடுத்து ஆரிகன், தேசியப் பட்டம். ஆடாமல் இருந்த காலத்திலும் அவரை யாரோ ஒருவர் உட்காரவைத்துத் தயார் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். இதே ஜோன்ஸ்தான் 2012இல், ஆட வந்த எங்களுக்கு வகுப்பு எதற்கு என்று ட்விட்டரில் எழுதி நாடு முழுக்கப் பேசப்பட்டவர். 2017இல் பட்டப்படிப்பை முடித்தார். என் தொழிலில் இருக்கிற எவருக்கும் அந்த இரண்டாவது செய்தி, பட்டக்கோப்பைக்குச் சற்றும் குறைந்ததல்ல.

அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் கதை இன்னும் கடினமானது. 2018 ஜனவரியில் பட்டப் போட்டியின் இடைவேளையில் அவரை உட்காரவைத்துவிட்டு, முதலாம் ஆண்டு மாணவர் டுவா டாகோவைலோவாவை இறக்கினார் பயிற்சியாளர் நிக் சேபன். ஜார்ஜியாவை வென்று அலபாமா பட்டம் பெற்றது. இடத்தை இழந்த ஹர்ட்ஸ் அடுத்த பருவம் முழுவதும் அணியிலேயே இருந்து, அந்த டிசம்பரில் டாகோவைலோவா காயமடைந்தபோது கடைசிக் கால்பகுதியில் இறங்கி, அதே ஜார்ஜியாவை 35-28 என்று தோற்கடித்தார். அவமானப்பட்ட ஒருவரை ஓராண்டு முழுவதும் கூர்மை குறையாமல் வைத்திருந்த அந்த இடத்தின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கடைசி வரிசை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 பருவங்கள் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஒரு பருவத்தில்கூட ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. கடைசி நான்கு பருவங்களில் மூன்று பட்டங்கள். ஊர் ஊராக வந்து சேர்ந்த வாக்-ஆன் பையன்கள் அந்த அணியின் அடையாளமாகவே இருந்தார்கள். களத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் பயிற்சி நடத்தி, மூன்றாம் நான்காம் வரிசைக்காரர்களும் முதல் வரிசைக்காரர்களைப் போலவே ஆடிப் பழக வழி செய்திருந்தார்கள்.

அதே நெப்ராஸ்கா 2021இல் ஒன்பது ஆட்டங்களில் தோற்றது. ஒன்பதிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்குள். பருவம் முழுவதையும் கூட்டினால், விட்டுக்கொடுத்ததைவிட எடுத்த புள்ளிகள்தான் அதிகம்! மிச்சிகன் ஸ்டேட்டுடன் முன்னிலையில் இருந்தபோது, நெப்ராஸ்கா உதைத்த பந்து ஒரு பக்கம் போக, மடக்க ஓடியவர்கள் மறுபக்கம் ஓடினார்கள். எதிரணிக்காரர் தடுப்பாரில்லாமல் 62 யார்டு ஓடிப் புள்ளி எடுத்தார். ஐயோவாவுடன் 21-6 என்று முந்தியிருந்த ஆட்டம், நெப்ராஸ்கா உதைக்கும்போதே பந்து தடுக்கப்பட்டுத் தலைகீழாயிற்று. இப்படி உதைக்கும் தருணங்களில் களத்தில் ஓடுபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் மூன்றாம் வரிசைப் பையன்கள். முதல் வரிசை யாருக்கும் சளைத்ததாக இல்லை. மற்றவர்கள் நிற்கும் இடத்தில்தான் ஆட்டங்கள் கைமாறின.

தோற்கும் இடங்களில் கடைசி வரிசை ஏன் தளர்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோம்பல் அல்ல காரணம். முன்பு இருந்த இடத்தில் நான்காம் ஆண்டு மாணவர்கள் சிலர் மூன்று தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டார்கள். ஒவ்வொருவர் வந்ததும் ஆட்டத்திட்டம் மாறும், உதவிப் பயிற்சியாளர்கள் மாறுவார்கள், படிப்பறை நேரம் மாறும், சுவரில் எழுதிய வாசகங்கள்கூட மாறும். எதிரணியோடு நேருக்கு நேர் மோதும் லைன்மேனாக 115 கிலோவில் வரும் ஒரு பையனை 140 கிலோ எடையோடு, வேகமும் குறையாமல் வளர்த்தெடுக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அவனைத் தேர்ந்தெடுத்தவர் அதற்குள் வேலையை இழந்திருப்பார். புதிதாக வருபவருக்கு அவன் வேறொருவர் விட்டுப்போன சுமை. நட்சத்திரம் வகுப்புக்கு வராதபோது கண்டுகொள்ள வேண்டாம் என்று எங்களுக்குத் தகவல் வரும். அதே தவறுக்கு வாக்-ஆன் பையன் விடியற்காலையில் படிக்கட்டு ஏறி இறங்குவான். பையன்கள் இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பார்களா?

இண்டியானா பல்கலைக்கழக அணி ஒரே இரவில் மாறிவிட்டது என்று இப்போது பலர் பேசுகிறார்கள். 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அதுவரை ஒரு பருவத்தில் பத்து வெற்றி கண்டதே இல்லாத அணி. தலைமைப் பயிற்சியாளராகக் கர்ட் சிக்னெட்டி வந்ததும் 2024இல் 11 வெற்றி. 2025 பருவத்தில் 16 ஆட்டங்களிலும் வெற்றி. 2026 ஜனவரியில் மயாமியை 27-21 என்று தோற்கடித்துத் தேசியப் பட்டம். பள்ளிக் காலத்தில் பெரிய அணிகள் திரும்பிப் பார்க்காத ஃபெர்னாண்டோ மெண்டோசா, ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற குவார்ட்டர்பேக்.

சிக்னெட்டி தனியாக வரவில்லை என்பதுதான் நான் கவனித்தது. அவர் 2007 முதல் 2010 வரை அலபாமாவில் சேபனிடம் வேலை பார்த்தவர். பிறகு சிறிய கல்லூரி ஒன்றுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், அங்கிருந்து படிப்படியாக மேலே வந்தவர். தாக்குதலையும் தடுப்பையும் வகுக்கும் அவருடைய உதவியாளர்கள் பல கல்லூரிகளில் அவரோடு சேர்ந்தே பணியாற்றியவர்கள். முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களும் பின்தொடர்ந்து வந்தார்கள். செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு கூட்டம் முதல் நாளே களத்தில் இருந்தது. மற்றவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பயிற்சியாளரை மட்டும் பெரிய விலை கொடுத்து வாங்கும் இடங்களுக்கு இது வாய்ப்பதில்லை.

இப்போது எனக்குள்ள கவலை வேறு. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பையன்கள் ஈட்டித்தரும் வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைப்பது நியாயம், வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் அதே உடன்பாடு கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது. பெரிய அணிகள் பலவற்றில் அதற்கு முன் 120 பேருக்கு மேல் இருந்தார்கள். வெட்டப்பட்டவர்கள் பெரும்பாலும் வாக்-ஆன் பையன்கள். இடம் இழந்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று நீதிபதி வலியுறுத்திச் சேர்த்த விலக்கு, அந்த ஒரு தலைமுறைக்கு மட்டுமே உதவும். அவர்கள் படித்து முடித்துப் போனபின் எதிரணியாக நடிக்க ஆள் எங்கே? முதல் வரிசைக்காரர்களையே கூடுதலாக மோதவிட்டால் காயங்கள் பெருகும். உதவித்தொகையும் ஊதியமும் கேட்காமல் பயிற்சிக்கு வரும் மாணவர்களை 105 என்ற கணக்குக்கு வெளியே வைக்க வேண்டும். எங்கள் துறைக் கூட்டங்களில் நான் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பயிற்சியாளர்களில் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். வழக்கறிஞர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.