ஒரு கன்சீலரும் இரண்டு செய்முறைப் பரீட்சைகளும்

எல்லோரும் என்.வி.கியூ. என்று சொல்லும் தேசிய தொழிற்தகைமையின் மட்டம் 4 அழகுக்கலை மதிப்பீட்டுக்கு நான் இரண்டு தடவை தோற்றினேன். அங்கே புள்ளிகள் இல்லை. தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள், அல்லது இன்னும் பெறவில்லை என்பதுதான் முடிவு. முதல் தடவை எனக்குக் கிடைத்தது இரண்டாவது முடிவு. தலையலங்காரத்திலும் சேலைக் கட்டிலும் குறை சொல்லப்படவில்லை. நான் தவறியது, முகத்தின் கருமையையும் தழும்பையும் மறைக்கப் பூசும், ஒரு விரல் நீளமுள்ள கன்சீலரில்தான். திருகோணமலையில் இதே மதிப்பீட்டுக்கு ஆயத்தமாகும் தங்கைமார், பயிற்சி நிலையத்தில் படித்தவர்களாயினும் சரி, பல வருடம் வேலை செய்துவிட்டு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியில் வருபவர்களாயினும் சரி, அதே இடத்தில் தடுக்கி விழாதிருக்க இதை எழுதுகிறேன்.

முதல் மதிப்பீட்டுக்கு மாதிரியாக என் சித்தியைத் தம்பலகாமத்திலிருந்து அழைத்து வந்திருந்தேன். வயல் வெயில் பட்ட மாநிறம். கண்ணுக்குக் கீழே பல வருடத்துக் கருவளையம். காணொளிகளில் பார்த்தபடி, அவருடைய நிறத்தைவிட இரண்டு படி வெளிறிய கன்சீலரை எடுத்து, கண்ணிலிருந்து கன்னம் வரை முக்கோணமாகப் பூசி, அதன் மேல் பவுடரையும் தாராளமாகத் தட்டினேன். சித்திரை மாத வெக்கையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்த அந்த அறையில் இருபது நிமிடம் செல்வதற்குள் பூசிய இடம் முழுவதும் சாம்பல் பூத்துவிட்டது. மதிப்பீட்டாளர் அருகில் வந்து, இந்த நிறத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார். முகம் வெளிச்சமாகத் தெரியும் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். சித்தி கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, கண்ணுக்குக் கீழ திருநீறு பூசின மாதிரிக் கிடக்கு” என்றார். மதிப்பீட்டாளர் சொல்லாமல் விட்டதைச் சித்தி சொல்லிவிட்டார்.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. கண்ணுக்குக் கீழுள்ள தோல் முகத்திலேயே மிக மெல்லியது. அதனூடாக இரத்த நாளங்களின் நீலம் மங்கலாகத் தெரியும், அதோடு எம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு மெலனின் படிந்த கபில நிறமும் சேர்ந்திருக்கும். வெளிறிய கன்சீலரில் வெள்ளை நிறமி அதிகம். நீலத்தின் மேல் வெள்ளையைப் பூசினால் சாம்பல் நிறம்தான் வரும்; எத்தனை தடவை பூசினாலும் சாம்பல் தடிக்குமே தவிர மறையாது. நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் நிறச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று அடக்கும்; நீலத்துக்கு எதிரே நிற்பது செம்மஞ்சள். ஆகவே முதலில் செம்மஞ்சள் சாயலுள்ள நிறத்திருத்தியை மிக மெல்லியதாக இட்டு, அந்த நீலத்தை அடக்கிய பின்னர்தான் தோலின் நிறத்துக்கு ஒத்த கன்சீலரை மேலே வைக்க வேண்டும். வெளிர் நிறத்தவர்களுக்குப் பீச் சாயல் போதும். மாநிறத்துக்கும் கருமை நிறத்துக்கும் இன்னும் அழுத்தமான செம்மஞ்சள் தேவைப்படும்.

கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிவதெல்லாம் நிறமும் அல்ல. சிலருக்கு அந்த இடம் பள்ளமாக இருப்பதால் விழும் நிழலே கருவளையமாகத் தோன்றும். இதைப் பிரித்தறிய, மாதிரியை ஜன்னலைப் பார்த்து அமர்த்தி, முகத்தை மெல்ல மேலே நிமிர்த்தச் சொல்லுங்கள். வெளிச்சம் பள்ளத்துக்குள் விழுந்ததும் கறுப்பு மறைந்தால் அது நிழல், மறையாமல் நின்றால் அது நிறம். நிழலுக்கு நிறத்திருத்தி உதவாது. பள்ளத்தின் கோட்டில் மட்டும் ஒரு படி வெளிறிய கன்சீலரை நூல்போல இழுத்துவிட்டால் அது சற்று மேலெழுந்து தெரியும். வெளிறிய நிறத்துக்கு முகத்தில் உண்மையான வேலை இருக்கும் இடம் இதுதான்.

உவர்மலையில் எங்கள் வீட்டின் கிழக்கு ஜன்னலருகே, காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில், ஏறக்குறைய ஆறு மாதம் என் கண்ணிலும் அயல் வீட்டு அக்காவின் கண்ணிலும் இதைப் பழகினேன். ஒரு கண்ணுக்கு ஓர் உளுந்தளவு கன்சீலர் போதும். அதையும் ஒரே இடத்தில் குவிக்காமல், மூக்கை ஒட்டிய உள்மூலையில் ஒரு பொட்டு, வெளிமூலையில் சற்று மேல்நோக்கி ஒரு பொட்டு என்று பிரித்து வைக்க வேண்டும். இமைமயிருக்கு நெருக்கமாக வைக்கக்கூடாது, அங்கேதான் கோடுகள் முதலில் விழும். வைத்ததும் தேய்க்காமல் அரை நிமிடம் விட்டால் அதன் ஈரம் சற்று இறுகி, மறைக்கும் திறன் கூடும். பிறகு மோதிர விரலால் ஒற்றியெடுக்க வேண்டும். அந்த விரலுக்கு இயல்பாகவே அழுத்தம் குறைவு, உடல் வெப்பமும் கன்சீலரை இளக்கித் தோலோடு சேர்க்கும். பரீட்சையில் மாதிரியின் முகத்தில் வெறும் விரலை வைப்பதைச் சில மதிப்பீட்டாளர்கள் விரும்புவதில்லை என்பதால் நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சிலும் இதைப் பழகிக்கொள்ளுங்கள். பவுடர் இடுவதற்குச் சற்று முன்னர் மாதிரியை மேலே பார்க்கச் சொல்லி, சேர்ந்திருக்கும் மடிப்புகளை ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டு உடனே பவுடரை அழுத்த வேண்டும். இந்த ஒரு கணத்தைத் தவறவிட்டால் பவுடர் அந்தக் கோட்டை நிரந்தரமாக்கிவிடும்.

நிறத் தெரிவைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் கசப்பும் வருகிறது. நம் நகரில் கடைக்குப் போனால், கேட்காமலே வெளிறிய நிறத்தைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். அதையும் மணிக்கட்டில் பூசிக் காட்டுகிறார்கள். மணிக்கட்டின் நிறம் முகத்தின் நிறமல்ல. தாடையோரத்தில் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே தெரு வெளிச்சத்துக்கு வந்து, ஐந்து நிமிடமாவது பொறுத்துப் பாருங்கள்; பல கன்சீலர்கள் காய்ந்ததும் சற்றுக் கறுக்கும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் அடுத்தடுத்த இரண்டு நிறங்களை வாங்கித் தட்டில் கலப்பது நல்லது, பரீட்சையில் எந்த மாதிரி வந்தாலும் அது கைகொடுக்கும். மணப்பெண்ணை அவளுடைய கழுத்தும் கையும் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு வெள்ளையாக்குவதை ஒப்பனை என்று என்னால் இப்போது ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கன்சீலரின் வேலை, முகத்தில் நிறம் மாறிய இடத்தை அந்த முகத்தின் சொந்த நிறத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது மட்டுமே.

பருக்களிலும் தழும்புகளிலும் இந்தக் கொள்கை இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பருவின் நிறத்தை மறைக்கலாம், அதன் மேட்டை மறைக்க முடியாது. வெளிறிய நிறத்தை வைத்தால் மேடு இன்னும் எடுப்பாகத் தெரியும். கெட்டியான கன்சீலரை ஊசிமுனைப் பிரஷில் தொட்டு, பருவின் மேல் மட்டும் வைத்து, நடுவைத் தொடாமல் விளிம்பை மட்டும் கரைத்துவிட வேண்டும். சிவப்புக்குப் பச்சை என்று பாடக் குறிப்பில் இருக்கும், வாய்மொழிக் கேள்விக்கு அந்த விடை சரியானதே; ஆனால் மாநிறத் தோலில் பரு பெரும்பாலும் கபிலமாகவோ ஊதாவாகவோ தெரிவதால் பச்சை அங்கே மீண்டும் சாம்பலையே தந்துவிடுவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். மஞ்சள் சாயலுள்ள, தோல் நிறக் கன்சீலர் எனக்கு அதைவிட நன்றாக உதவியது.

மற்றப் பயன்களைப் பழக அதிக காலம் எடுக்காது, ஆனால் நேரக் கட்டுப்பாடுள்ள பரீட்சையில் அவையே காப்பாற்றும். இமையின் மேல் மெல்லியதாகப் பூசிப் பவுடர் இட்டுவிட்டால் ஐ ஷடோ நிறம் மாறாமல் பிடித்து நிற்கும். இமை மடிப்புக்கு மேல் கூர்மையான கோடு வேண்டுமானால் அதையும் தட்டையான பிரஷில் கன்சீலரைக் கொண்டே வெட்டலாம். புருவத்தின் கீழ்விளிம்பில் ஒரு கோடு இழுத்துக் கீழ்நோக்கிக் கரைத்தால், சரியாக எடுக்கப்படாத புருவமும் ஒழுங்காகத் தெரியும். ஐலைனரின் வால் ஒரு பக்கம் நீண்டுவிட்டால் முழுவதையும் கலைக்க வேண்டியதில்லை, பஞ்சுக் குச்சியில் சிறிது கன்சீலரைத் தொட்டு நீண்டதைத் துடைத்து எடுங்கள். மேலுதடு கறுத்தும் கீழுதடு வெளிறியும் இருப்பது நம்மில் பலருக்கு உண்டு; மென்னிற லிப்ஸ்டிக்குக்கு முன் மேலுதட்டில் மட்டும் ஒற்றிவிட்டால் இரண்டும் சமமாகும். இரண்டு மூன்று படி கறுத்த கன்சீலர் கன்னத்துக்கும் தாடைக்கும் நிழல் கொடுக்கும், ஆனால் அதைப் பவுடருக்கு முன்னரே பூசிவிட வேண்டும். ஈரப்பதக் கிறீமில் ஒரு துளி கலந்தால், முகம் முழுவதும் பூசும் பவுண்டேஷன் வேண்டாம் என்னும் பெண்களுக்கு அது போதும்.

பவுண்டேஷனுக்கு முன்னா பின்னா என்ற கேள்வியை என்னிடம் இரண்டு தடவையும் கேட்டார்கள். நிறத்திருத்தி முன்னர், கன்சீலர் பின்னர் என்று சொல்லி, பவுண்டேஷனே பாதியை மறைத்துவிடுவதால் கன்சீலர் குறைவாகப் போதும் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வரலாறு கேட்டால், பிறவியிலேயே முகத்தில் சிவந்த மச்சத்துடன் பிறந்த அமெரிக்கப் பெண்ணான லிடியா ஓலியரி தனக்காக உருவாக்கிய மறைப்புப் பூச்சுக்கு 1932 இல் காப்புரிமை பெற்றார் என்பதையும், மக்ஸ் ஃபக்டர் நிறுவனம் 1954 இல் ‘இரேஸ்’ என்ற குச்சி வடிவக் கன்சீலரை விற்பனைக்கு விட்டது என்பதையும் சொல்லலாம்.

சுத்தத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. குழாயோடு வரும் பிரஷை மாதிரியின் முகத்தில் நேரடியாக வைக்காதீர்கள். கன்சீலரைச் சுத்தமான கரண்டியால் உலோகத் தட்டில் எடுத்து, அங்கிருந்து பயன்படுத்துங்கள். தட்டையும் கரண்டியையும் 70 வீத அற்ககோலால் துடைப்பதை மதிப்பீட்டாளர் பார்க்கும்படி செய்யுங்கள். உடைந்த பருவிலும் திறந்த காயத்திலும் பூசக்கூடாது, கண் நோய் உள்ளவரை மாதிரியாக ஏற்கவும் கூடாது. காதின் பின்புறத்தில் 24 மணி நேரத்துக்கு முன்னரே சிறிது பூசி ஒவ்வாமை பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருங்கள். என் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தை மதிப்பீட்டாளர் நிதானமாகப் படித்தார்.

புகைப்படத்தையும் மறக்க வேண்டாம். வெயிற்காப்புக்காக டைட்டானியம் டையொக்சைட்டோ சிங்க் ஒக்சைட்டோ சேர்த்த கன்சீலரும், சிலிக்கா மிகுந்த வெண்பவுடரும் நேரில் நன்றாக இருந்துவிட்டு, ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டாகத் தெறிக்கும். ஒப்பனை முடிந்ததும் கைத்தொலைபேசியில் ஃபிளாஷுடன் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டே மதிப்பீட்டாளரை அழையுங்கள்.

இரண்டாம் தடவையும் சித்தியே வந்தார். வேறு முகத்தைத் தேட அவர் விடவில்லை. செம்மஞ்சள் திருத்தி, அவருடைய நிறக் கன்சீலர், அரிசி மாவைத் தொட்ட அளவு பவுடர், அவ்வளவுதான். இந்த நிறத்தை ஏன் தெரிவு செய்தீர்கள் என்ற அதே கேள்வி வந்தது. இம்முறை கருவளையத்தைக் காட்டி விளக்கினேன். தேர்ச்சி என்று தெரிந்ததும் ஒப்பனையைக் கலைக்கப் பஞ்சை எடுத்தேன், சித்தி வேண்டாமென்று தடுத்து, அந்த முகத்தோடேயே மத்தியான பஸ்ஸில் ஏறித் தம்பலகாமத்துக்குப் போய்விட்டார். மாலையில் தொலைபேசியில் அழைத்து, “எல்லாம் அப்பிடியே நிக்குது பிள்ளை, இடப்பக்கக் கண்ணுக்குக் கீழ மட்டும் ஒரு கோடு விழுந்திட்டுது” என்றார். அந்தக் கண்ணில்தான், அவசரத்தில், உளுந்தளவுக்கு மேல் இன்னுமொரு பொட்டு வைத்திருந்தேன்.