அறுபது விநாடியில் ஒரு மழைமானி

மண்சரிவு பற்றி அனிமேஷன் வேண்டும் என்று வந்தவர்கள் முதலில் கேட்டது மலை இடிந்து விழுகிற காட்சியைத்தான். "பார்த்ததும் பயம் வரணும் தம்பி" என்றார் ஒருவர். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கும் எங்களுக்கு அது பெரிய வேலையில்லை. புழுதி, உருளும் பாறை, குலுங்கும் திரை எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்ளும். ஆனாலும் வேண்டாம் என்றேன். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாருக்கும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. பயம் ஏற்கெனவே இருக்கிறது. விடாமல் பெய்கிற இரவில் எந்த நேரத்தில் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு வெளியேறுவது என்பதுதான் சிக்கல்.

ஆகவே மலை போய், மழை அளக்கிற பிளாஸ்டிக் போத்தல் வந்தது. மண்சரிவு எச்சரிக்கை தருகிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை, 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும். தோட்டத்து ஒபிசில் மழைமானி இருந்தாலும் நடுராத்திரியில் அங்கே போய் யார் பார்ப்பது? லயத்து வாசலிலேயே அளக்க முடிந்தால்தான் அந்த எண்களால் பயன்.

செய்முறை சுலபம். பக்கம் நேரான போத்தலின் மேல்பகுதியை வெட்டி, புனல் மாதிரிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அடியில் கூழாங்கல், கல் மூழ்கும்வரை தண்ணீர். அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூச்சியம். அங்கிருந்து மேலே அடிமட்டத்தை, அதாவது அளவுகோலை, ஒட்ட வேண்டும். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி வைத்தால் சரி.

சொல்ல நாலு வரி. வரையும்போதுதான் தெரிகிறது, முழுப் படமும் அந்தப் பூச்சியத்தில் நிற்கிறது என்று. போத்தலின் அடி மேடு பள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் கணக்குத் தப்பும். அதைக் குரலில் விளக்கினால் பாதிப்பேருக்குப் போய்ச் சேராது, பலர் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள். விநாடிக்கு 12 சித்திரம் என்று வைத்தால் ஒரு நிமிடத்துக்கு 720. அதில் பெரும்பங்கை அடிமட்டம் பிடித்த ஒரு கைக்கே செலவழித்தோம்: கை மெதுவாக ஏறுகிறது, பூச்சியத்தைக் காட்டும் சிவப்புக் கோட்டில் நிற்கிறது, ஒட்டுகிறது. மேகமும் நடக்கிற ஆளும் வெட்டி ஒட்டிய துண்டுகள்தான், நகர்த்தினால் போதும். அனிமேஷன்காரருக்கு எதையும் துள்ளவிட ஆசை வரும். செய்முறைப் படத்தில் செய்கிற கை துள்ளக்கூடாது.

கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவருக்குச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்ததும், "அளந்த பொறகு தண்ணிய ஊத்தணுமே, பூராவும் ஊத்திட்டா கோடு எங்க இருக்கும்?" என்றார். அறையில் இருந்த எவருக்கும் தோன்றாத கேள்வி. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, போகும் முன் கோடுவரை மட்டும் சரித்து ஊற்றுகிற காட்சி அப்படித்தான் வந்தது. அதற்கு இடம்விட, சிரித்துக் கும்பிடுகிற குடும்பத்தை எடுத்துவிட்டோம். வந்தவர்களுக்கு அதில் வருத்தம்.

இன்னொரு காட்சியை நான் பிடிவாதமாக வைத்தேன்: சுவரில் புது வெடிப்பு, சாய்கிற மரம், தண்ணீர் பிடிக்கிற பீலியில் திடீரென்று கலங்கல். இவற்றைக் கண்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், 150 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

முகநூலிலும் டிக்டொக்கிலும் நிமிர்ந்த திரையின் அடிப்பகுதியைத் தலைப்பும், வலது ஓரத்தைப் பொத்தான்களும் மறைத்துவிடும். அதனால் எழுத்தெல்லாம் நடுவில். தமிழ் எழுத்தோ மென்பொருளில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அமைப்பை மாற்றி ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டியிருந்தது. தோட்டங்களுக்குள் படம் போவது பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான். கீழே நாம் எழுதுகிற விளக்கம் கைமாறும்போது கழன்றுவிடும். எனவே மூன்று அளவுகளையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் தொலைபேசி எண் 117ஐயும் கடைசிச் சித்திரத்துக்குள்ளேயே அசையாமல் வைத்தோம், நிறுத்திப் படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அங்கே தங்கள் லோகோவைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். மூலையில் கொஞ்சம் இடம் கொடுத்தேன்.