சிரட்டைக்கரி பிரித்துத் தந்த மாங்கனீஸ்

மணவாளக்குறிச்சிக் கருமணலைக் காந்தத்தால் பிரிப்பதைக் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, முதுகலை ப்ராஜெக்டுக்கு இரும்பு கலந்த மாங்கனீஸ் தாது கைக்கு வந்ததும் எனக்கு முதலில் காந்தம்தான் நினைவுக்கு வந்தது. தாது நம்ம குமரி மாவட்டத்துச் சரக்கு இல்லை. கர்நாடகத்து ஹோஸ்பேட்டில் வேலை பார்க்கும் சித்தப்பா சண்டூர்ப் பக்கமிருந்து கொடுத்தனுப்பியது. எஃகு ஆலைகளுக்கான பெர்ரோமாங்கனீஸ் என்ற இரும்பு-மாங்கனீஸ் கலவையை உருக்க வேண்டுமென்றால் தாதுவில் இரும்பைப்போல் ஏழு மடங்கு மாங்கனீஸ் தேவை. இதிலோ இரண்டும் ஏறக்குறைய சரிபாதி.

தண்ணீரில் அலசிப் பிரிக்கவும் வழியில்லை. இரும்புக் கனிமமான ஹேமடைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் 5.2 மடங்கு என்றால், மாங்கனீஸ் கனிமமான பைரோலூசைட்டுக்கும் (மாங்கனீஸ் டைஆக்சைடு) 5-ஐ ஒட்டித்தான் வருகிறது. சாதாரணக் காந்தம் இரண்டையும் சீண்டாது. ஆனால் கரியோடு சேர்த்துச் சூடாக்கினால் ஹேமடைட் கொஞ்சம் ஆக்சிஜனை இழந்து மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடாக மாறிக் காந்தத்தில் ஒட்டும். மாங்கனீஸ் டைஆக்சைடு மோனாக்சைடாகி, ஒட்டாமல் தங்கிவிடும்.

கரிக்கு அலையவில்லை, நாகர்கோவிலில் சிரட்டைக்கரிக்கா பஞ்சம்! பொடித்துத் தாதுவோடு கலந்து, சூடு தாங்கும் க்ரூசிபிள் கிண்ணத்தில் போட்டு மூடி, மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையில் 750 டிகிரி செல்சியஸில் வைத்தேன். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும் என்பதால் எக்ஸாஸ்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் மேக்னடைட்டையும் தாண்டி ஃபெரஸ் ஆக்சைடாகிவிடும், அதைக் காந்தம் இழுக்காது.

என்னைக் கேட்டால் வறுப்பதைவிட ஆறவைப்பதுதான் முக்கியம். சூட்டோடு திறந்தால் காற்று பட்டு எல்லாம் பழையபடி ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். லேப் அண்ணன் "ஆறுற வரைக்கும் மூடியத் தொடாத மக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நன்றாக ஆறியபின் எடுத்து, இன்னும் நைசாக அரைத்து, தண்ணீரில் கலக்கி, பாலித்தீன் சுற்றிய காந்தத்தை உள்ளே விட்டு அளைந்தேன். உலர்ந்த பொடியில் மாங்கனீஸ் துகளும் இரும்போடு அப்பிக்கொண்டு வரும். ஈரத்தில் அது குறைவு. இரும்பும் மாங்கனீஸும் ஒரே படிகத்தில் பிணைந்த ஜேக்கப்சைட் என்ற கனிமமும் உண்டு. அதுவும் காந்தத்தில் ஒட்டும் என்பதால் அந்த மாங்கனீஸ் இரும்போடுதான் போகும், அந்த இழப்பைத் தவிர்க்க முடியாது.

ஒட்டாத பங்கு நீர்த்த கந்தக அமிலத்தில் எளிதாகக் கரைந்தது. வறுக்காத தாது இப்படிக் கரையாது. கரைசலில் மிச்சமிருந்த இரும்பு ஃபெரஸ் நிலையில் இருந்தது; ஃபெரிக் நிலைக்கு ஏறினால்தான் அது சுண்ணாம்பில் எளிதாகப் படியும் என்பதால் வறுக்காத தாதுப்பொடியே ஒரு சிட்டிகை போட்டேன். அது இரும்பை ஃபெரிக் ஆக்கிவிட்டுத் தானும் கரைந்துவிடும். அப்புறம் சுண்ணாம்பால் அமிலத்தன்மையைக் குறைத்து பிஹெச்சை 5 வரை ஏற்றியதும் இரும்பு பழுப்புச் சேறாக இறங்கியது. வடிகட்டிய நீரில் சோடியம் கார்பனேட் சேர்க்க, வெளிறிய இளஞ்சிவப்பில் மாங்கனீஸ் கார்பனேட் படிந்தது.

கார்பனேட் சேர்க்கும் முன் ஒரு துளி எடுத்து, அமிலம் விட்டு, ஃபெரிக் இரும்பைக் காட்டிக்கொடுக்கும் தயோசயனேட் உப்பைப் போட்டுப் பாருங்கள். சிவந்தால் இரும்பு இன்னும் இருக்கிறது, சுண்ணாம்புக் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.