ஐந்து வாரமும் நான்கு கன்சல்டிங்கும்: மதுரையில் பழைய கார் வாங்கிய அனுபவம்

2025 தீபாவளிக்கு மறுவாரம், மேலூருக்கு அருகில் எங்கள் கிராமத்தில் இருக்கும் என் தாயாரை மாதம் இரண்டு முறை மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துவர வேண்டியதாயிற்று. முழங்கால் அறுவை செய்துகொண்டவரைப் பேருந்தில் ஏற்றி, மாட்டுத்தாவணியில் இறக்கி, அங்கிருந்து ஆட்டோவுக்கு மாற்றுவது அவருக்கும் எனக்கும் வேதனையாக இருந்ததால், நான்கரை லட்சம் ரூபாய்க்குள் ஒரு பழைய கார் வாங்குவது என்று வீட்டில் முடிவாயிற்று. இருக்கை உயரமாக இருப்பதால் அதிகம் குனியாமல் ஏறி உட்காரலாம் என்ற ஒரே காரணத்துக்காக வேகன் ஆர் என்பதும் அன்று மாலையே தீர்மானமாகிவிட்டது. யாரிடம் வாங்குவது என்பதைத் தீர்மானிக்கத்தான் ஐந்து வாரங்கள் பிடித்தன.

மதுரையில் பழைய வண்டி விற்கும் இடத்தைக் ‘கன்சல்டிங்’ என்பார்கள். அங்கே யார் யாருக்கு என்ன ஆலோசனை கூறுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் முதலில் நுழைந்த கன்சல்டிங்கில் 2017ஆம் ஆண்டு வண்டி ஒன்று, பாலிஷ் போட்டு, டயருக்குக் கருப்பு பூசி, கல்யாண மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தது. ஓடியது 48,000 கிலோமீட்டர், ஒரே ஓனர், டாக்டர் வண்டி, இன்ஜினில் கையே வைக்கவில்லை என்று விற்பவர் மூச்சுவிடாமல் சொன்னார். (அந்த ஐந்து வாரத்தில் எனக்குக் காட்டப்பட்ட டாக்டர் வண்டிகள் மட்டும் நான்கு.) பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, ஸ்டியரிங்கின் மேல்பகுதி பளபளத்தது. இவை சந்தேகத்துக்கு இடம் கொடுக்குமே தவிர, எதையும் நிரூபிக்கமாட்டா. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தபோது, ஆயில் மாற்றிய கடைக்காரர் ஒட்டியிருந்த சிறிய ஸ்டிக்கர் ஒன்று கண்ணில் பட்டது. அடுத்த ஆயில் 81,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டியதும் விற்பவர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே, “அது வேற வண்டியோட ஸ்டிக்கர் சார்” என்றார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டிருந்தால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் ஓடியிருந்த கிலோமீட்டர் அவர்கள் கணினியில் பதிவாகியிருக்கும் என்பதையும், உரிமையாளர் கேட்டால் அந்த விவரத்தைப் பெறலாம் என்பதையும் எனக்குச் சொன்னவர் ஒத்தக்கடையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன். என் ஸ்கூட்டரை நான் பல ஆண்டுகளாக அவரிடம்தான் விடுகிறேன். வண்டிக்கு 1,500 ரூபாய் என்று பேசி, இனிமேல் எந்த வண்டியாக இருந்தாலும் அவர் பார்த்துச் சொன்ன பிறகே பணத்தைப் பற்றிப் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். முதல் கன்சல்டிங்கில் சர்வீஸ் விவரம் கேட்டதற்கு, ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று பதில் வந்தது. நான் திரும்பிப் போகவில்லை.

இரண்டாவது இடத்தில் இருந்தது டிஎன் 69 என்று தொடங்கும் தூத்துக்குடிப் பதிவு வண்டி. 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் மறந்திருக்கமாட்டோம். பதிவெண்ணை மட்டும் பார்த்து ஒரு வண்டியை ஒதுக்குவது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நான் நினைத்தேன். வண்டி எங்கே பதிவாகியிருந்தாலும் அன்றைக்கு எங்கே நின்றது என்பதைப் பதிவெண் சொல்லாது. மெக்கானிக் அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. முன்இருக்கை சீட் பெல்ட்டை அதன் கடைசி முனை வரைக்கும் மெதுவாக வெளியே இழுத்தார். வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் அந்தக் கடைசி அரையடியில் காய்ந்த வண்டல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. பிறகு இருக்கைக்குக் கீழே தண்டவாளம் போன்ற இரும்பைத் தடவி, விரலில் ஒட்டிய துருவை என்னிடம் காட்டினார். சீட் உறை புதிது, தரைவிரிப்பு புதிது, உள்ளே ஊதுவத்தி வாசம் வேறு. தண்ணீர் குடித்த வண்டியில் வயரிங்கும் சென்சார்களும் எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம் என்றார்.

நடுவில் கண்ணாடிக் கட்டடத்தில் இயங்கும் பெரிய நிறுவனக் கிளை ஒன்றுக்கும் போனேன். உத்தரவாதம் எல்லாம் தருகிறார்கள், ஆனால் ஒரே வயதுள்ள வண்டி அங்கே ஐம்பதாயிரம் கூடுதலாக இருந்தது, எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

மூன்றாவது கன்சல்டிங்கில் நான் செய்த தவறுக்கு என்னைத் தவிர யாரையும் குறைசொல்ல முடியாது. வண்டி நன்றாக இருந்தது, மெக்கானிக் அண்ணனும் தலையசைத்தார். மறுநாள் வேறு ஆள் வருகிறார் என்றதும் ஐயாயிரம் ரூபாய் டோக்கன் கொடுத்துவிட்டேன், ரசீது வாங்கவில்லை. அதன் பிறகுதான் ஆர்சி புக்கைக் கேட்டேன். அதில் இருந்த பெயர் திண்டுக்கல்காரர் ஒருவருடையது. அவர் ஒரு புரோக்கரிடம் விற்க, அவர் இன்னொருவரிடம் விற்க, அவரிடமிருந்து இந்தக் கடைக்காரர் வாங்கியிருக்கிறார். மூன்று கை மாறியும் ஆர்சியில் பெயர் மாறவில்லை. பழைய உரிமையாளர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பப்படாத, பெயர் மாற்றத்துக்கான பாரம் 29, பாரம் 30 இரண்டும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தன. “எல்லாரும் இப்படித்தான் சார் செய்யுறாங்க” என்றார் கடைக்காரர். அவர் சொன்னது பொய்யும் அல்ல.

இதில் உள்ள சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அப்படித் தெரிவித்துப் பெயர் மாறும் வரை, வண்டி யார் வீட்டு வாசலில் நின்றாலும், பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்றும், விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்கே என்றும் 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விற்றவருக்கு அது ஆபத்து. வாங்குகிறவருக்கு வேறு விதமான ஆபத்து: ஆண்டுக்கணக்கில் தேங்கிய அபராதமோ, அடைக்கப்படாத கடனோ, வழக்கோ எந்தக் கையில் ஒட்டிக்கொண்டது என்று கேட்க ஆள் இருக்கமாட்டார். இதைச் சரிசெய்வதற்காகவே 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வணிகர்களுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும் என்று விதி வந்தது. பாரம் 29பி என்பது அந்தச் சான்று. உரிமையாளர் வண்டியை வணிகரிடம் ஒப்படைத்ததும் பாரம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன் பிறகு வண்டிக்கு அந்த வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். நான் 29பி என்று சொன்னபோது மூன்றாவது கடைக்காரர், ஏதோ நான் ரத்தப் பிரிவைக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். போதாக்குறைக்கு, பில் வேண்டுமென்றால் முழு விலைக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்றார். பழைய வண்டிக்கு அந்த வரி, வணிகர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலுள்ள லாபத்தின் மேல்தான் கணக்கிடப்படும். டோக்கனைத் திரும்பக் கேட்டு நான்கு முறை அலைந்ததில் மூவாயிரம் வந்தது.

அந்த அலைச்சலின் நடுவேதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வண்டியைப் பற்றி மெக்கானிக்குக்குத் தெரியும். கடைக்காரரைப் பற்றி யாருக்குத் தெரியும்? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைகளுக்கு நடுவில், கணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு விண்ணப்பம் பதிந்து தரும் ஒரு பெரியவரிடம் போனேன். எந்தக் கன்சல்டிங் நல்ல கன்சல்டிங் என்று கேட்டிருந்தால் அவர் பதில் சொல்லியிருக்கமாட்டார். “யார் கொண்டுவர்ற பேப்பர் ஆட்சேபணை வந்து திரும்பாம இருக்குங்கய்யா?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, டீ வாங்கி வரச் சொன்னார். டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு பெயர் சொன்னார். ஒருவர் தொழிலை விட்டுவிட்டார் என்பதும் அவருக்கே பிறகு நினைவுக்கு வந்தது. மிஞ்சியவர்தான் நான்காவது ஆள்.

அவருடைய இடம் பார்வைக்கு ஒன்றுமில்லை. தகரக் கொட்டகையில் மூன்று வண்டிகள் நின்றன. பெரும்பாலான வண்டிகளை உரிமையாளர் வீட்டிலேயே விட்டுவைத்து, ஆள் வந்தால் அழைத்துப்போய்க் காட்டுவது அவர் வழக்கம். உசிலம்பட்டியில் 2019ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்று இருக்கிறது, ஆனால் பின்கதவு மாற்றியது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார். கூடவே இரண்டு ஆண்டுகளின் இன்சூரன்ஸ் பாலிசிகளை எடுத்துப் போட்டார். இன்சூரன்ஸ் பாலிசியில் பார்க்க வேண்டிய இடம் எது என்பதை நான் அதற்குள் கற்றிருந்தேன்: இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு நோ கிளைம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும், கிளைம் செய்தால் அடுத்த ஆண்டு சுழியத்துக்கு இறங்கும். பழைய பாலிசியில் சுழியம், புதியதில் 20. பின்கதவுக் கதை அதோடு பொருந்தியது. அவரிடமும் 29பி சான்று இல்லை, அது குறைதான் என்று நான் சொன்னபோது மறுக்கவில்லை. “நான் வாங்கி விக்கலை சார். ஓனரைக் கூட்டிட்டு வர்றேன், பணத்தை அவர் அக்கவுண்டுல போடுங்க, என் கமிஷனைத் தனியாக் கொடுங்க” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை மற்ற மூன்று இடங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மெக்கானிக் அண்ணனும் நானும் உசிலம்பட்டியில் இருந்தோம். வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்துவைக்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால், அண்ணன் முதலில் பானெட்டில் கைவைத்துக் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். சூடான இன்ஜின் தன் நோயை மறைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை அடிக்கிறதா என்று கவனித்தார், சைலன்சரைப் பார்த்தார், ஸ்கேனரை மாட்டி, அண்மையில் யாராவது பிழைக் குறியீடுகளை அழித்திருக்கிறார்களா என்பதையும் பார்த்தார். பிறகு உரிமையாளரின் அனுமதியோடு, கடைக்காரர் பின்இருக்கையில் உட்கார, செக்கானூரணி வழியாக நகருக்குள் வந்து, தல்லாகுளத்தில் நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் ஏறினோம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்தப் பாலத்தைப்போல வண்டியைச் சோதிக்க வசதியான இடம் நகருக்குள் வேறு இல்லை. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மிதித்து கிளட்ச் வழுக்குகிறதா என்றும், நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்றும் பார்த்தார். ஒத்தக்கடைப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றியபோது முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டும் கிழிந்திருந்தது தெரிந்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களின்படி முன்டயர்கள் இரண்டும் வண்டியோடு வந்த 2019ஆம் ஆண்டுத் தயாரிப்பு. டயரும் புஷ்ஷும் கூலியும் சேர்த்துப் பதினாறாயிரம் ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

கேட்ட விலை நான்கு லட்சத்து 35 ஆயிரம். அந்தத் தாளைக் காட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டதால் புது வண்டியின் விலையே குறைந்திருப்பதையும் சொன்னேன். நான்கு லட்சத்து எட்டாயிரத்தில் முடிந்தது. கமிஷன் 8,000 தனி.

எழுத்துவேலையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உரிமையாளர் நேரில் வந்து, என் பெயரும் தேதியும் நிரப்பிய பாரங்களில் கையெழுத்திட்டார். அவர் வாங்கியிருந்த வங்கிக் கடன் முடிந்து, பாரம் 35 மூலம் ஆர்சியிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பார்த்து ஒப்பிட்டேன். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுத வேண்டும் என்று கேட்டதற்குக் கடைக்காரர், “பத்து மணி நாப்பது நிமிஷம், போதுமா சார்?” என்று கேலியாகக் கேட்டுக்கொண்டே எழுதினார். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் என் பெயருக்கு மாற்றினேன். நோ கிளைம் போனஸ் வண்டிக்கு அல்ல, ஆளுக்குச் சொந்தம் என்பதால் அந்தக் கழிவுத் தொகையை நான் கட்ட வேண்டியிருந்தது. பழைய ஃபாஸ்டேக்கை அவர் முடித்துக்கொள்ள, நான் புதிது ஒட்டினேன். ஆர்சி, இப்போதைய நடைமுறைப்படி விரைவு அஞ்சலில், பதினெட்டாம் நாள் வீட்டுக்கு வந்தது.

மூன்று வாரம் கழித்து அபராதம் ஏதும் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்தபோது ஒன்று இருந்தது: சீட் பெல்ட் அணியாததற்கு ஆயிரம் ரூபாய். தேதி நான் வண்டி எடுத்த அதே நாள். நேரம் காலை 9.25. கடைக்காரரை அழைத்தேன், அவர் டெலிவரி நோட்டின் நகலைப் பார்த்துவிட்டு உரிமையாளரையும் இணைப்பில் சேர்த்தார். “கடைசியா ஓட்டுறமேங்கிற கவலையில பெல்ட்டை மறந்துட்டேன் தம்பி” என்று சிரித்த உரிமையாளர், அன்று மாலையே கட்டிவிட்டு ரசீதை எனக்கு அனுப்பிவைத்தார்.