குப்புறப் பிடித்தால் மட்டும் வேலை செய்த சாவி

பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரியிடம் கணக்கு முடித்துக்கொண்டு கோபாலபுரம் வழியாகக் கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியபோது இரவு ஒன்பது மணி தாண்டிவிட்டது. மருந்துக் கடைக்கு முன்னால் ஐந்து நிமிடம் பூட்டி நிறுத்திய காரைத் திறக்கப் போனால், ரிமோட் சாவி எதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆனி மாதக் காற்று சாரலையும் அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் அடிக்க, பத்துப் பதினைந்து முறை பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, உள்ளே மடங்கியிருக்கும் இரும்புச் சாவியை நீட்டிக் கதவைத் திறந்தேன். திறந்ததுதான் தாமதம், அலாரம் அலறத் தொடங்கியது. ரிமோட்டால் பூட்டிய வண்டியை இரும்புச் சாவியால் திறந்தால் பல கார்கள் அதைத் திருட்டாகவே எடுத்துக்கொள்ளும் என்பதும், சாவியை இக்னிஷனில் போட்டுத் திருப்பினால் சத்தம் அடங்கிவிடும் என்பதும் அந்தப் பதற்றத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. “என்ன மாஷே, சொந்த வண்டியையே திருடறீங்களா?” என்று டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவனாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் வாத்தியார் ‘மாஷ்’தான்.

ஒரு வழியாக அலாரம் அடங்கி, கார் கிளம்பியும் விட்டது. ரிமோட் செத்த பிறகு எஞ்சின் மட்டும் எப்படிக் கிளம்பியது என்று வீட்டில் கேட்டார்கள். நாம் ஒரே சாவி என்று நினைப்பதற்குள் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, பூட்டுக்குள் திரும்பும் இரும்பு. இரண்டாவது, ‘இது இந்தக் காரின் சாவிதான்’ என்று அடையாளம் சொல்லி எஞ்சினைக் கிளம்ப விடும், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்பாண்டர் சிப். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளின் காந்தப் புலத்திலிருந்தே அது தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்வதால் அதற்குச் செல் தேவையில்லை. மூன்றாவதுதான் ரேடியோ ரிமோட். அது மட்டுமே பட்டன் செல்லை நம்பி வாழ்கிறது. ஆகவே கார் கிளம்பினால் இரும்பும் சிப்பும் நலமாக இருக்கின்றன, மூன்றாவதை மட்டும் பார்த்தால் போதும் என்று பொருள். பட்டன் அழுத்திக் கிளப்பும் கார்களிலும் செல் தீர்ந்த சாவியை அந்தப் பட்டனுக்கு அருகிலோ வேறு குறிப்பிட்ட இடத்திலோ வைத்துக் கிளப்பும் ஏற்பாடு பெரும்பாலும் உண்டு. எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பது வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும்.

மறுநாள் காலையில் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் கிடந்த மாற்றுச் சாவியை எடுத்து அழுத்தினேன். கார் உடனே திறந்தது. இந்த ஒரு சோதனையை எல்லோரும் முதலில் செய்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சமாகும். காரில் உள்ள ரிசீவர், சென்ட்ரல் லாக், ஃபியூஸ் ஆகிய எல்லாவற்றின் மீதும் இருந்த சந்தேகம் எனக்கு அப்போதே நீங்கிவிட்டது.

மைத்துனர் தன் செல்போன் கேமராவைத் திறந்து, “இதுக்கு நேரா பிடிச்சு அழுத்துங்க மாமா, வெளிச்சம் தெரியும்” என்றார். டிவி ரிமோட்டுக்கு அது நல்ல சோதனைதான். அதன் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பல கேமராக்களுக்குத் தெரியும். கார் ரிமோட் ஒளியை அனுப்புவதில்லை. இந்தியாவில் ஓடும் பல கார்களின் சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசுகின்றன என்பதால், நன்றாக இருக்கும் சாவியைப் பிடித்தாலும் கேமராவில் ஒன்றும் தெரியாது.

செல்லைப் பற்றி எனக்குச் சந்தேகமே எழவில்லை, ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு வாட்ச் கடையில் கொடுத்துப் புதிதாகப் போட்டிருந்தேன். ஆனாலும் இயற்பியல் பாடம் நடத்திய காலத்து மல்டிமீட்டரை எடுத்து அளந்தேன்; 3.1 வோல்ட் காட்டியது. சும்மா அளந்தால் தீர்ந்துபோன செல்கூட நல்ல பிள்ளையாக நடிக்கும் என்பதால், 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே பிடித்துச் சுமை கொடுத்தும் பார்த்தேன். வோல்ட்டேஜ் அதிகம் இறங்கவில்லை. செல் நலம், கார் நலம், ஆகவே சாவிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டுதான் போயிற்று என்று முடிவு கட்டிக் கோயம்புத்தூரில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அவர்கள் சாவியைத் திறந்துகூடப் பார்க்காமல், புதுச் சாவிக்கும் புரோகிராம் செய்வதற்கும் சேர்த்து எட்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்து சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற கார் திடீரென்று கண் சிமிட்டியது. மறுபடி அழுத்தினேன், ஒன்றுமில்லை. சாவியைக் குப்புறப் பிடித்து அழுத்தினேன், அதில் இருந்த சிவப்பு விளக்கு மின்னியது. நிமிர்த்தினேன், மின்னவில்லை. இருபது முறை செய்து பார்த்தும் இதில் மாற்றமில்லை. உள்ளே எதுவோ தன் எடையால் விழுந்தால்தான் மின்சாரம் ஓடுகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கூட்டைப் பிரித்துச் செல்லின் முதுகில் பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்தேன்: சி.ஆர். 2025. மூடியின் உட்புறத்திலோ சி.ஆர். 2032 என்று அச்சாகியிருந்தது. இந்த எண்களில் முதல் இரண்டு இலக்கங்கள் மில்லிமீட்டரில் விட்டம், அடுத்த இரண்டும் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன். இரண்டு செல்களுக்கும் விட்டம் 20 மி.மீ., இரண்டும் 3 வோல்ட்தான். ஆனால் ஒன்றின் தடிமன் 2.5 மி.மீ., மற்றதன் தடிமன் 3.2 மி.மீ. கடைக்காரர் “ரெண்டும் ஒண்ணுதான்” என்று போட்டுக்கொடுத்த அந்த 0.7 மி.மீ. இடைவெளியில், போர்டிலிருந்து நீளும் தகரநாக்கு செல்லின் முகத்தை எட்ட முடியாமல் அந்தரத்தில் நின்றது. முதல் சில வாரங்கள் எப்படியோ தொட்டுக்கொண்டிருந்து, எங்கள் சாலையின் குலுக்கலில் விலகியிருக்க வேண்டும். மல்டிமீட்டர் பொய் சொல்லவில்லை. நான் செல்லை வெளியே எடுத்து அளந்தேன், கோளாறு அது உட்கார்ந்த இடத்தில் இருந்தது.

சரியான செல்லை விளிம்பில் பிடித்து, முகங்களில் விரல் எண்ணெய் படாமல் வைத்தேன். பூட்டும் பட்டன் ஒவ்வொரு முறையும் பேசியது. திறக்கும் பட்டன் மட்டும் ஓரமாகச் சாய்த்து அழுத்தினால்தான் கேட்டது. ரப்பருக்கு அடியில் இருக்கும் சிறிய சுவிட்சின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை போல் ஒரு விரிசல் ஓடியிருந்தது. அதிகம் அழுத்தப்படும் பட்டனில்தான் பெரும்பாலும் இது வரும். கொழிஞ்சாம்பாறையில் டிவி பழுது பார்க்கும் தம்பி, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி, சூட்டுக்கோலை இரண்டு நொடி வைத்து எடுத்தார். ஐம்பது ரூபாய் கொடுத்ததற்கு, “இதுக்கெல்லாம் எதுக்கு மாஷே” என்று திருப்பித் தரப் பார்த்தார்.

நான் அஞ்சிய இன்னொன்று நடக்கவில்லை. இவ்வகை ரிமோட்கள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புதிய குறியீட்டை அனுப்புகின்றன. கார் தன் கணக்கில் அடுத்து வரவேண்டிய சிலவற்றை மட்டும் ஏற்கும். பேரன் வீட்டுக்குள் வைத்து விளையாடியே நூற்றுக்கணக்கில் அழுத்தியிருந்தால் இருவர் கணக்கும் பிசகி, மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். அந்தப் பேரனுக்காகவே, கழற்றிய செல்லைச் செல்லோடேப்பில் சுற்றி எட்டாத உயரத்தில் வைத்தேன். விழுங்கிவிட்டால் பட்டன் செல் உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்திலேயே அரித்துப் புண்ணாக்கிவிடும்.

மாற்றுச் சாவிக்குள் எந்தச் செல் இருக்கிறது என்று இன்னும் திறந்து பார்க்கவில்லை. அதற்கும் போன வருடம் அதே கடையில்தான் செல் போட்டோம்.