படிவத்தில் நான் எழுதிய பூஜ்யம்

ஒரு பூஜ்யம் எழுதுவதற்கு இவ்வளவு யோசனையா என்று கேட்கலாம். எழுதும்போது நான் யோசிக்கவேயில்லை. யோசனையெல்லாம் பிறகுதான் வந்தது.

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில், ஆர்கன்சாஸ் ஆற்றின் சால்ட் ஃபோர்க் கிளையில், ஆண்டுதோறும் நடக்கும் மீன் கணக்கெடுப்புக்காக அன்று ஐந்தாவது முறையாக இழுவலையைக் கரையேற்றியிருந்தோம். ரெட் ஷைனரும் கொசுமீனும் துள்ளிய மடியில், எண்ண வேண்டிய சமவெளிக் கில்லிமீன் ஒன்றுகூட இல்லை. கோடைக்கால உதவிக்கு வந்திருந்த கல்லூரி மாணவன் வலையைப் பார்க்காமல், கணுக்கால் அளவுத் தண்ணீரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“மணலில் கண்கள் தெரிகின்றன,” என்றான்.

போய்ப் பார்த்தேன். இரண்டு கருமணிகளும், மேல்நோக்கித் திறந்த ஒரு சிறு வாயும் மட்டுமே மணலுக்கு வெளியே இருந்தன. அவன் விரலை நுழைத்ததும் மணல் புகைந்தது. உடல் முழுதும் செங்குத்தாகக் கரும்பட்டைகள் கொண்ட விரல் நீள மீன் ஒன்று பாய்ந்து, ஓரடி தள்ளி மறுபடி புதைந்துகொண்டது. பட்டைகள் அகலமாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் இருந்தன; ஆண் கில்லிமீன் என்றுகூட அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

“எத்தனை என்று எழுதட்டும்?”

“வலையில் வந்தது எத்தனை?”

“ஒன்றுமில்லை.”

“அப்படியானால் பூஜ்யம்.”

அவன் பென்சிலை நீட்டினான், நானே எழுதினேன்.

என் பக்கத்து நியாயம் இதுதான். ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே வலையால், ஒரே எண்ணிக்கை முறை இழுத்தால்தான் ஓர் ஆண்டை இன்னோர் ஆண்டோடு ஒப்பிட முடியும். கண்ணால் கண்டதையெல்லாம் சேர்த்தால், கண் கூர்மையானவன் வந்த ஆண்டில் மீன் பெருகியதாக ஆகிவிடும். இது இன்றும் சரியென்றே படுகிறது. ஆனால் ஈயக்குண்டு கோத்த அடிக்கயிறு தன்மேல் உருண்டு போகும்வரை மணலுக்குள் கிடப்பது இந்த மீனின் இயல்பு. அது எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு எழுதிய பூஜ்யத்தை முறைமை என்று சொல்வதா, சோம்பல் என்று சொல்வதா?

அதே படிவத்தில் குறிப்பு எழுத ஒரு கட்டமும் இருந்தது. அதில் ‘தண்ணீர் தெளிவு, காற்று மிதம்’ என்று எழுதியிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று மாலை, இந்த மீனை எந்த அறிவியல் பெயரில் பதிவது என்பதற்கே அரைமணி நேரம் செலவிட்டேன். மீனியலாளர்கள் ஜார்டனும் கில்பர்ட்டும் 1883இல் இட்ட ஃபண்டுலஸ் ஜீப்ரினஸ் என்பதா, வடக்கே உள்ளவற்றைத் தனி இனமாகக் கொள்வோர் வழங்கும், கார்மன் 1895இல் இட்ட ஃபண்டுலஸ் கான்சே என்பதா? பூஜ்யத்துக்கு நேராக எழுதும் பெயரில்தான் அத்தனை கண்டிப்பு.

மேற்குக் கான்சஸில் ஒகலாலா நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, ஆர்கன்சாஸ் ஆறே நெடுந்தூரம் வறண்டு கிடக்கிறது. அங்கே ஒருவர் எழுதும் பூஜ்யம் உண்மையான பூஜ்யம். மற்ற மீன்கள் தாங்காத உப்புக் குட்டைகளிலும் பிழைத்துக் கிடக்கும் ஒரு மீனுக்கு நான் எழுதியதும் அட்டவணையில் அதே வட்டம்தான். படிப்பவருக்கு எப்படி வேறுபாடு தெரியும்?

அடுத்த கோடையில் அதே இடத்துக்கு வேறோர் உதவியாளரோடு போனேன். வலையை மூடுவதற்கு முன் மணலைக் காலால் நன்றாகக் கிளறிவிட்டு இழுத்தேன். பதினான்கு கில்லிமீன்கள் வந்தன. பதினான்கு என்றே எழுதினேன். காலால் கிளறியதைக் குறிப்புக் கட்டத்தில் அப்போதும் எழுதவில்லை. இன்று அந்த அட்டவணையைப் பார்ப்பவருக்கு, அந்த ஓராண்டில் ஆறு ஏதோ தேறிவிட்டதாகவே தோன்றும்.